மயிலாத்தாள் வீட்டில் முளைத்த அறைகள்

செங்காட்டுப்பாளையம் மூன்றாவது வீதியில் மயிலாத்தாள் வீட்டு மாடி காலியாகி, ‘வீடு வாடகைக்கு’ என்ற அட்டை கேட்டில் தொங்கி, அந்த அட்டையின் எழுத்து வெயிலில் இரண்டு முறை வெளிறி இரண்டு முறை புதிதாக எழுதப்பட்ட பிறகும் அங்கே யாரும் குடிவராமல் இருந்ததற்குக் காரணம், வீடு கேட்டு ஆள் வராதது அல்ல. திருப்பூருக்குப் பக்கத்தில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் இருக்கிற ஊர் அது. திசைக்கு நாலு பேர் தினமும் பெட்டியோடு வந்து இறங்குகிற ஊர். வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஓர் ஊரிலிருந்து, ஏதோ ஒரு சாதியிலிருந்து, ஏதோ ஒரு சாமியிடமிருந்து வந்தவர்களாக இருந்ததுதான் சிக்கல்.

மயிலாத்தாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவள் தன் ஆயுளில் யாரையும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொன்னவள் இல்லை. வந்தவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, சொந்த ஊர் எது, குலதெய்வம் எது, ஊருக்குள் எந்தப் பக்கம் வீடு, கறி சமைப்பதுண்டா, சமைத்தால் என்ன கறி என்று வரிசையாக விசாரித்து, பதில்களை எல்லாம் ஜாதகம் போல மனதுக்குள் பொருத்திப் பார்த்து, கடைசியில் மிகுந்த வருத்தத்தோடு, “அடடா, நேத்துத்தானுங்க ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டோம், நீங்க ஒருநாள் முந்தி வந்திருக்கோணும்” என்பாள். நேற்றுச் சொல்லப்பட்ட அந்த ஒருத்தர் இரண்டு வருசமாக வந்துசேரவில்லை. அவருக்காக மாடி தினமும் பெருக்கப்பட்டது.

அவளுடைய வீட்டுக்காரர் சென்னியப்பன் பால் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கொள்கை விசயங்களை மனைவியிடம் விட்டுவிட்டு, தினசரியின் எட்டாம் பக்கத்துக்குப் பின்னால் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தார்.

பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை, வீட்டுப் புரோக்கர் பூபாலன் ரஹ்மத்நிஷா என்ற நர்சைக் கூட்டிவந்தான். உடுமலைப் பக்கத்துக்காரி, முப்பது வயது, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. பெயரைக் கேட்டதுமே மயிலாத்தாள் மற்றக் கேள்விகளை எல்லாம் மிச்சம் பிடித்துக்கொண்டு நேராக நேற்றைய ஆளிடம் போய்விட்டாள். ரஹ்மத்நிஷா அன்றைக்கு அதை ஏழாவது வீட்டில் கேட்கிறாள். “பரவாயில்லீங்கம்மா” என்று, யாருக்கோ காய்ச்சல் அளவைப் படித்துச் சொல்வது போலச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் விடிந்து மயிலாத்தாள் பால் காய்ச்சப் போனபோது, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஓர் அறை புதிதாக இருந்தது. வெள்ளையடித்த சுவர், பச்சைக் கதவு, கதவோரமாகக் கால் கழுவ வசதியாக முழங்கால் உயரத்தில் ஒரு குழாய். அவள் கூப்பிட, சென்னியப்பன் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தார். கதவைத் தள்ளினார், அசையவில்லை. சுவரை விரல் முட்டியால் தட்டினார்.

“ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா மயிலு?”

“இல்லீங்க.”

“பூச்சு நல்லாத்தான் இருக்குது. ஒரு பொருக்கு எந்திரிக்கல” என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார்.

அந்த அறைக்குத் தெருப்பக்கமும் ஒரு கதவு இருந்தது. அதுவும் திறக்கவில்லை. முன்சுவரில் நேற்றுவரை ஜன்னலும் தொட்டிச் செடியும் இருந்த இடத்தில் ஜன்னலும் தொட்டிச் செடியும் அப்படியே இருக்க, கதவும் இருந்தது. எப்படி இடம் போதுமானது என்று கேட்டவர்கள் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, போதுமானதாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு போனார்கள்.

புதன்கிழமை பூபாலன் ஒபின்னாவை அழைத்துவந்தான். ஒபின்னா நைஜீரியாக்காரன், பனியன் வாங்கி அவன் நாட்டுக்குக் கப்பலில் அனுப்புகிற வியாபாரம், ஆறு வருசமாக இந்தப் பக்கம்தான் இருக்கிறான். ஆறரை அடி ஆள், நிலைப்படியில் இடுப்பை மடித்து, தலையைக் குனிந்து, உள்ளே வந்து நிமிர்ந்தான். “வணக்கங்க. ரூம் ஒண்ணு இருக்குதுன்னு சொன்னாங்க” என்றான். அவன் நிறத்தைவிட, ஆளைவிட, தங்களுடைய ‘ங்க’வை அவன் எடுத்து வைத்துக்கொண்டிருந்ததுதான் மயிலாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. குலதெய்வம் எது என்று இவனிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு கணம் தடுமாறி, பிறகு கேட்கவே தேவையில்லை என்ற நிம்மதியோடு நேற்றைய ஆளை வரவழைத்தாள். வியாழக்கிழமை காலையில் ஏழரை அடி உயர நிலையோடு இரண்டாவது அறை நின்றது.

இப்படியே ஒடிசாவிலிருந்து வந்த தையல்காரத் தம்பதிக்கு ஒன்று, பக்கத்து ஊர்க் காலனியில் பிறந்து எம்.ஏ. படித்துத் தமிழ் வாத்தியாரான ஒருவருக்குச் சுவர் நிறையப் புத்தக அலமாரியோடு ஒன்று என்று சித்திரை பிறப்பதற்குள் ஒன்பது அறைகள் ஆகிவிட்டன. மாடி காலியாகவே இருந்தது.

ஊர் அதிசயத்தை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். பேரூராட்சியிலிருந்து ஆள் வந்து, அனுமதி வாங்காமல் எப்படிக் கட்டலாம் என்று கேட்டு, கட்டவில்லை, வந்தது என்ற பதிலைக் குறித்துக்கொண்டு, 14/1 முதல் 14/9 வரை கதவிலக்கத் தகடு அடித்துவிட்டுப் போனார். மனையடி பார்க்கிறவர் வந்து வடமேற்கு வளர்வது விசேசம் என்றார். வளர்ந்தது தென்கிழக்கு என்று சென்னியப்பன் எடுத்துச்சொன்னதும் அதைவிட விசேசம் என்றார். பூசாரி இது குலதெய்வம் குடுத்த இடம் என்றார், பாஸ்டர் இது பரலோகத்து வாசஸ்தலத்தின் மாதிரி என்றார், பகுத்தறிவுப் படிப்பகத்துச் செயலாளர் இதற்கு அறிவியல் விளக்கம் நிச்சயம் உண்டு என்றும் அது தற்சமயம் தன்னிடம் இல்லை என்றும் துண்டறிக்கை போட்டார். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் வந்து நாற்காலியும் மைக்செட்டும் வைக்க ஓர் அறையைக் கேட்டு, கதவைத் துளையிட முயன்று ஏழு துளைப்பான் கம்பிகளை முறித்துக்கொண்டு போனார்கள்.

அறைகள் எதனால் வருகின்றன என்பது தெருவுக்குத் தெரிய ஒரு வாரம்தான் ஆயிற்று. அதன்பிறகு தெரு நலச்சங்கத் தலைவர் தங்கமுத்து தொடங்கி ஒவ்வொரு வீட்டாரும் பூபாலனைக் கூப்பிட்டு, அந்த நைஜீரியாக்காரனையும் நர்சையும் தங்கள் வீட்டுக்கும் ஒருதரம் அழைத்துவந்து காட்டும்படி கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் வந்தபோது ஓட்டமாக ஓடிப்போய் வரவேற்று, காபி கொடுத்து, முறுக்கு வைத்து, நிதானமாக மறுத்தார்கள். ஒபின்னா ஒரே வாரத்தில் பதினொரு வீடுகளில் உபசரிக்கப்பட்டு வெளியே அனுப்பப்பட்டான். விடிந்ததும் எல்லாரும் அளவு நாடாவோடு வீட்டைச் சுற்றிவந்தார்கள். ஒரு செங்கல்கூடக் கூடவில்லை. மயிலாத்தாளுக்கு மட்டும் ஏன் என்று தெருவே வயிறெரிந்தது. அவளைவிடத் தாங்கள் எந்த விதத்தில் குறைந்துவிட்டோம் என்று தங்கமுத்து சங்கக் கூட்டத்தில் மனம் கலங்கிப் பேசினார்.

மயிலாத்தாளுக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. சங்கடம் மெல்லத் தெரிந்தது. வெளியே பார்த்தால் அதே ஆறு சென்ட் வீடு. உள்ளேதான் ஒவ்வோர் அறைக்கும் வழிவிட்டு வழிவிட்டு வீடு நீண்டுகொண்டே போயிற்று. படுக்கையறை ஒரு கோடி, சமையலறை மறு கோடி, நடுவில் திறக்காத ஒன்பது கதவுகளோடு வளைந்து வளைந்து போகிற ஒரு நடை. சமையலறையிலிருந்து காபி கொண்டுபோனால் ஆறிவிடும் என்று பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு நடந்தாள். பூசையறை இன்னும் அந்தாண்டை போய்விட்டதால் சாமி கும்பிடப் போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளவேண்டியிருந்தது. சென்னியப்பன் பால் சங்கத்துக்குப் போய்வந்த பழைய சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, குளிக்கப் போகவும் சாப்பிடப் போகவும் வீட்டுக்குள்ளேயே ஓட்டினார். வளைவுகளில் மணியடிப்பார். எதிரே வருகிற ஒரே ஆள் மயிலாத்தாள்தான்.

சித்திரை மாதம் ஒரு பிற்பகலில், சமையலறையில் கொள்ளு வறுத்துக்கொண்டிருந்த மயிலாத்தாளுக்கு மணிச்சத்தம் கேட்டது. வழக்கமாக இரண்டு முறை அடிக்கிற மணி அன்றைக்கு நீளமாக அடித்து, நடுவில் நின்றுவிட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு நடந்தாள், பிறகு ஓடினாள். ஆறாவது திருப்பத்தில், அந்த ஏழரை அடிக் கதவுக்கு முன்னால் சைக்கிள் கிடந்தது; சைக்கிளுக்குப் பக்கத்தில் சென்னியப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்வையில் சட்டை நனைந்து, சுவரில் சாய்ந்திருந்தார். 

“ஒண்ணுமில்ல மயிலு, வாயுதான்” என்றார். அவர் உதடு நீலமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வந்தது. ஸ்ட்ரெச்சரோடு உள்ளே நுழைந்த இரண்டு பேரும் இரண்டாவது வளைவில் மாட்டிக்கொண்டார்கள். நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கொண்டுபோக வழியே இல்லை என்றார்கள். சுமந்துபோகலாம் என்றால் இந்த நிலையில் இத்தனை தூரம் ஆட்டக்கூடாது என்றார்கள். இருந்தும் முயன்றுதான் பார்க்கவேண்டும் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது, மயிலாத்தாள் தன் புருசனுக்கும் தெருவுக்கும் நடுவில் இருந்த கதவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஆறு எட்டு வைத்தால் தெரு. இந்தப் பக்கம் அவள். அவளுக்கு அப்போது யார்மேலும் அன்பு பெருகவில்லை. தத்துவம் எதுவும் புரியவில்லை. இந்தக் கதவு யாருக்காக வந்ததோ அவன் தொட்டால் திறக்கலாம் என்று மட்டும் தோன்ற, பூபாலனுக்குப் போன் போட்டாள்.

“பூபாலா, அந்த உசரமான ஆளை உடனே கூட்டிட்டு வா. அந்த நர்சம்மாவையும்.”

“எதுக்குங்கக்கா, ரூம் ஏதாச்சும் பத்தலியா?”

“என்ற வீட்டுக்காரரு கெடக்கறாருடா.”

பூபாலன் உடனே இருவருக்கும் போன் போட்டான். கால் மணி நேரத்தில் ஒபின்னா தன் வண்டியில் நர்சைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்துசேர்ந்தான். ரஹ்மத்நிஷா நடைவழியாக ஓடிவந்து சென்னியப்பன் பக்கத்தில் மண்டியிட்டு, நாடி பார்த்து, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து, சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: “நேத்துச் சொல்லிட்டம்னீங்களே, அவரு இன்னும் வரலீங்களா?” மயிலாத்தாள் கிடந்த சைக்கிளை ஓரமாக இழுத்துப்போட்டாள்.

ஒபின்னா தெருப்பக்கமிருந்து அந்தக் கதவைத் தொட்டான். திறந்தது. உள்ளே வந்தவன், நடைக்குத் திறக்கும் கதவையும் திறந்துவிட்டு, நேராகப் போய்ச் சென்னியப்பனைத் தூக்கியிருக்கவேண்டும். ஆனால் அவன் நிலைப்படியில் நின்றுவிட்டான். தலையைத் தொட்டுப் பார்த்தான்; மேலே பார்த்தான்; தலைக்கும் நிலைக்கும் நடுவில் ஓர் அடி காலி இடம் இருந்தது. ஒருமுறை வெளியே போய்க் குனியாமல் மறுபடி உள்ளே வந்தான். அதற்கப்புறம்தான் அவரைத் தூக்கி, அந்த அறை வழியாகவே ஆம்புலன்சுக்குக் கொண்டுபோனான். அந்தச் சில விநாடிகளை மயிலாத்தாள் அவனுக்கு ஒருபோதும் மன்னிக்கவில்லை. “என்ற புருசன் சாகக் கெடக்கறாரு, இவன் நிலையை அளந்துட்டு நின்னான்” என்று அவனை வைத்துக்கொண்டே வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். ஒபின்னாவும் மறுக்கமாட்டான். “ஆறு வருசமுங்க, ஒரு கதவுல நிமிந்து போகலைங்க” என்பான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மயிலாத்தாள் மாரியம்மனுக்கு மண்சோறு சாப்பிடுவதாக வேண்டிக்கொண்டாள். வலப்பக்கம் ரஹ்மத்நிஷா இரண்டு கைகளையும் ஏந்தி உதடு மட்டும் அசைய ஏதோ ஓதினாள். இடப்பக்கம் ஒபின்னா கண்ணை மூடிக்கொண்டு, ஏசுவைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டு, மற்ற நோயாளிகளின் உறவினர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்க ஜெபித்தான். சென்னியப்பன் பிழைத்துக்கொண்டார். யாருடைய சாமி பிழைக்கவைத்தது என்பதில் மூன்று பேருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. தான் வைத்த ஸ்டென்ட் என்று டாக்டரும் ஒரு கட்சியாக இருந்தார். மயிலாத்தாள் யோசித்துப் பார்த்தாள். கோயிலில் மண்சோறு சாப்பிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று தர்காவுக்குச் சர்க்கரை கொடுத்தனுப்பினாள். ஒபின்னா போகிற சபைக்கு மெழுகுவர்த்திக் கட்டு ஒன்று கொடுத்தனுப்பினாள். தன் சாமியோடு இத்தனை காலமும் ஒரே தெருவில் குடியிருப்பவளைப் போலப் பழகியிருந்தவளுக்கு, அந்தச் சாமிக்கு வேறு தெருக்களிலும் பழக்கம் இருக்கக்கூடும் என்ற எண்ணம் அப்போதுதான் முதன்முதலில் வந்தது. அது அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அறைகளை அவள் வாடகைக்கு விட்டது மனம் மாறியதால் அல்ல. கதவுகள் பூட்டிக்கிடந்தால் அடுத்த தடவை சென்னியப்பன் தப்பமாட்டார் என்று டாக்டர் சொன்னதால். பூபாலன் ஒன்பது பேரையும் தேடிப் பிடித்தான். எட்டு அறைகளுக்கு ஆள் வந்துவிட்டார்கள். தமிழ் வாத்தியார் மட்டும் வரவில்லை. “அக்கா கூப்பிட்டாங்கன்னு சொன்னேனுங்க. நேத்துத்தான் வேறொருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு சொல்லச் சொன்னாருங்க” என்று பூபாலன் வந்து சொன்னான். மயிலாத்தாளுக்கு அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை. எதனால் என்று அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் புத்தக அலமாரி அறை அப்புறமும் யாருக்கும் திறக்கவில்லை.

ஒபின்னா சாமான்களை இறக்கிய அன்று சாயங்காலமே மயிலாத்தாளிடம் தனியாக வந்தான். 

“ஓனரம்மா, ஒண்ணு சொல்லோணுமுங்க. பக்கத்து ரூமு அந்த முஸ்லிம் அம்மாவுக்கு வேண்டாமுங்க. எங்க நாட்டுல என்ற மாமன் கடையக் கொளுத்திப்போட்டாங்க அவங்காளுக.”

அவன் போய்ப் பத்து நிமிடம் கழித்து ரஹ்மத்நிஷா வந்தாள். “அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த ஆப்பிரிக்காக்காரன் பக்கத்துல தனியாப் பொம்பளை எப்படி இருக்கறது? அவனுகளப் பத்தி என்னென்னமோ சொல்றாங்க. வேற ரூமு பாருங்களேன்.”

மயிலாத்தாளுக்கு அப்போதுதான், அவர்களும் தன்னைப் போல மனுசர்கள்தான் என்பது ஐயமில்லாமல் உறுதிப்பட்டது. சொந்தபந்தமான ஒறம்பரைகளிடம் பேசுகிற உரிமையோடு இருவரையும் ஏசி அவரவர் அறைக்கு அனுப்பினாள். விடிந்தபோது ஒபின்னாவின் அறையில் ஒரு சின்ன அலமாரி முளைத்திருந்தது. ரஹ்மத்நிஷாவின் அறையிலும் ஒன்று. இரண்டும் திறக்கவில்லை. கட்டில் போட இடமில்லாமல் இருவரும் கொஞ்சநாள் அவதிப்பட்டு, தங்களுக்குள் பேசிப்பழகி, ஆடி வாக்கில் அலமாரிகளில் துணி வைத்துக்கொண்டார்கள்.

எல்லாரும் ஒரே வீட்டில் குடியிருக்கத் தொடங்கியதும் சண்டைகள் வந்தன. ரஹ்மத்நிஷா குழாயை இறுக்கி மூடமாட்டாள். சொட்டுச் சொட்டென்று சத்தம் நடையெல்லாம் கேட்கும். சென்னியப்பனின் ஊறுகாய் ஜாடியைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, “பிரஷர் இருக்கறவருக்கு இதக் குடுக்கறதுக்கு நீங்க வெசமே குடுக்கலாம்” என்று மயிலாத்தாளையே மிரட்டினாள். ஒபின்னா ஞாயிற்றுக்கிழமை காலையில் சுருதி சேராமல் பாடுவான். கம்பங்களி கொடுத்தால் கண்ணை மூடி நன்றி சொல்வான், நன்றி வேறு யாருக்கோ போகும். ஒருநாள் பூசையறை வாசலில் நின்று, “எல்லாஞ் சரிங்க, ஆனாக் கடவுள் ஒருத்தருதானுங்க” என்றான்.

“ஒருத்தருன்னா அது எங்க மாரியாத்தாதான். நீ தப்பான பேர்ல கூப்பிட்டுட்டு இருக்கறே” என்றாள் மயிலாத்தாள்.

அவன் ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து மறுபடி ஆரம்பித்தான். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆவணியில், மார்க்கெட்டில் ஒரு வியாபாரியை ஏமாற்றித் துணிக்கட்டுகளை வாங்கிப்போய்விட்டான் என்று ஓர் ஆப்பிரிக்காக்காரனைப் பற்றிப் புகார் வந்தது. தங்கமுத்து முன்னால் வர, சப்-இன்ஸ்பெக்டர் பின்னால் வந்தார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். “உங்க வீட்டுல இருக்கற ஆளுதானேம்மா?”

மயிலாத்தாள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். “இல்லீங்க. இது வேற ஆளு.”

“நல்லாப் பாருங்க.”

“பாத்துட்டுத்தான் சொல்றனுங்க. இவனுக்கு நெத்தி ஏறியிருக்குது. எங்காளுக்கு நெத்தி சின்னது. காது விடைச்சுட்டு நிக்கும். மூக்குல எடப்பக்கம் ஒரு தழும்பு இருக்குது, சின்னதுல மாமரத்துல இருந்து உழுந்தானாமா. சிரிச்சா ஒரு பல்லு மேல ஏறித் தெரியும். இவன் வேற ஆளுங்க, நெறங்கூட வேற. எங்காளு இன்னும் கருப்பு.”

தங்கமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. “அக்கா, இவனுக எல்லாம் ஒரே மாதிரிதான இருப்பானுக. ஆமான்னு ஒரு கையெழுத்தப் போடுங்க, சனியன் தெருவ விட்டுப் போவட்டும்.”

“தங்கமுத்து, உனக்கும் உன்ற தம்பிக்கும் எனக்கு முப்பது வருசமா வித்தியாசம் தெரியறதில்ல. அதுக்குன்னு அவன் லாட்டரி சீட்டு வித்தப்ப உன்னையப் புடிச்சுக் குடுத்தனா?”

இருந்தும் ஒபின்னாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். மயிலாத்தாளும் பின்னாலேயே போய், அன்றைக்குக் காலை பத்து மணியிலிருந்து பொழுதுசாயும்வரை அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கேட்டபோதெல்லாம் அதே காதையும் அதே பல்லையும் சொன்னாள். ரஹ்மத்நிஷா மதியம் இட்லி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மாத்திரை போட்டாளா என்று கேட்டுவிட்டுப் போனாள். கடைசியில் புகார் கொடுத்த வியாபாரியே வந்து ஒபின்னாவைப் பார்த்து, இவனில்லை என்றதும் விட்டுவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒபின்னா நன்றி சொல்வான் என்று மயிலாத்தாள் கொஞ்சம் எதிர்பார்த்தாள்.

“என்ற காது விடைச்சுட்டு நிக்கும்னு எல்லார்த்துகிட்டயும் சொன்னீங்களாமா” என்றான் அவன்.

“நிக்குதே.”

வீடு வரும்வரை அவன் காதைத் தடவிக்கொண்டே வந்தான்.

தெரு அவளைச் சும்மா விடவில்லை. புரட்டாசியில் சங்கம் கூடி, மாரியம்மன் திருவிழாவில் முப்பது வருசமாக முதல் மாவிளக்கு எடுக்கிற மயிலாத்தாள் வீட்டு உரிமையை, வீட்டின் சுத்தம் குறித்து எழுந்துள்ள ஐயப்பாடுகளை முன்னிட்டு, தங்கமுத்து வீட்டுக்கு மாற்றித் தீர்மானம் போட்டது. பூசாரி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். “வரவேண்டாம்னு யாரும் சொல்லலீங்க. பின்னால நின்னுக்கலாமுங்க.” யாரையும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லாத நாகரிகம் அந்தத் தெருவுக்கே உரியது. அவர் போனபிறகு மயிலாத்தாள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். சென்னியப்பன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

திருவிழாவன்று அவள் மாவு இடித்து, வெல்லம் சேர்த்து, விளக்கு செய்து எடுத்துக்கொண்டு போனாள். வரிசையின் கடைசியில் நின்றாள். அங்கே நின்றவர்கள் எல்லாம் அவள் இதுவரை பார்க்காதவர்கள், பின்பக்கத் தெருக்காரர்கள், வருசாவருசம் அதே இடத்தில் நிற்கிறவர்கள். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். கோயில் திறந்து தீபாராதனை காட்டினார்கள். மயிலாத்தாள் எக்கி எக்கிப் பார்த்தாள். அம்மன் முகம் தெரியவில்லை. முன்னால் நிற்கிறவர்களின் தலையும், புகையும், மணிச்சத்தமும்தான் இருந்தன.

“இங்கிருந்து பாத்தா ஆத்தா முகம் தெரியாதா?” என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

“தெரியாதுங்க” என்றாள் அவள். “நாங்களா நெனச்சுக்கறதுதானுங்க.”

முப்பது வருசமாகத் தான் முன்னால் நின்றபோது பின்னால் இத்தனை பேர் நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள் என்பது மயிலாத்தாளுக்குத் தெரிந்திருக்கவில்லை. விளக்கை ஏந்திக்கொண்டு, கண்ணை மூடி, அவளும் நினைத்துப் பார்த்தாள். சரியாக வரவில்லை. அவளுக்குப் பழக்கமில்லை. பக்கத்தில் நின்றவளின் முகம் ஏற்கெனவே அம்மனைப் பார்த்துவிட்ட முகமாக இருந்தது.

தை மாதம் கோபியிலிருந்து ஒருவர் வீடு கேட்டு வந்தார். பூபாலன்தான் அழைத்துவந்தான். வெள்ளை வேட்டி, சொந்த சாதி, விசாரித்துப் பார்த்ததில் சுற்றிவளைத்துச் சென்னியப்பனுக்கு ஒறம்பரைகூட. மாடியைப் பார்த்தார், தண்ணீர் வசதி கேட்டார், எல்லாம் பிடித்துப்போயிற்று. காபியைக் குடித்துமுடித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கீழ எல்லாம் யாருங்க குடியிருக்கறாங்க?” என்றார்.

“மொத ரூம்ல ஒருத்தி, குழாய மூடவே மாட்டா. நர்சு. ஆளு நல்லவதான், வாய் மட்டும் ஊருக்கு மேல. ரெண்டாவதுல ஒருத்தன், ஞாயித்துக்கெழம ஒம்பது மணிக்கு மேல காதப் பொத்திக்கோணும், அப்புடிப் பாடுவான். மூணாவதுல புருசன் பொண்டாட்டி, ரெண்டு பேரும் தைக்கறாங்க, அவளுக்குத் தலவலி வந்தா அவன் தைக்கமாட்டான், உக்காந்துக்குவான். நாலாவது பூட்டிக்கெடக்குது, அதுல வரவேண்டிய வாத்தியாரு வரமாட்டேன்னுட்டாரு, அவரு சொன்னது நாயந்தான். அஞ்சாவதுல...”

“அது இல்லீங்க” என்று அவர் இடைமறித்தார். “என்ன ஆளுகன்னு கேட்டேன்.”

அவர் கேட்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே அவள் வயதாகியிருந்தாள். ஒரு நிமிடம் நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். சொல்லவேண்டியது இன்னும் ஏதாவது விட்டுப்போய்விட்டதா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“அதத்தானுங்க சொல்லிட்டு இருக்கறேன்” என்றாள்.